டைரக்ஷன்: மயில்சாமி

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
12-2-1939

நங்கையாளுக்கு வள்ளியாத்தாள் எழுதுவது.

நான் எடுத்த படத்தை நீங்கள் திருடி உங்கள் புருஷனுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

சந்தேகத்தில் எழுதவில்லை, தெரிந்தே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை இங்கே 'கனகாம்புஜம்' வெளியானது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். முதலில் பிள்ளையார் வந்தார், பிறகு முதலாளி தீர்த்தகிரியின் பெயர். அதற்கடுத்து ஆள் உயர எழுத்தில் 'டைரக்ஷன்: மயில்சாமி' என்று வந்தது.

மயில்சாமி என் அண்ணன், உங்கள் புருஷன். மல்லசமுத்திரத்தில் சோளமும் நிலக்கடலையும் போடுகிறவர். படப்பிடிப்புக்கு அவர் வந்தது ஒரே ஒரு நாள்தான், நம் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற காட்சியை எடுத்த அன்று. காமிராவைக் கண்டு மாடு மிரளாமல் அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிட்ட பிறகு வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டார். அவர் செய்த டைரக்ஷன் இவ்வளவுதான்.

பம்பாயிலிருந்து வந்த பட்டேகர் தான் டைரக்டர், அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் அவர் பேச்சை நடிகர்களுக்குத் தமிழில் சொல்ல என்னை வைத்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் படத்தில் அவர் மலைக்காய்ச்சலோடு ஊருக்கு ரயிலேறியதும் தெரியும். முடிக்காத படத்தில் என் பெயர் வேண்டாம் என்று தந்தி கொடுத்துவிட்டார். மீதியை எடுத்தவள் நான். யார் பெயர் வந்திருக்க வேண்டும்?

முதலாளியிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். "நான் என்னம்மா பண்ணட்டும்? ஒங்க ஊட்டுலயே ஒங்க பேரு வேண்டாம்ங்கறாங்க" என்றார். மல்லசமுத்திரத்துக்கு வந்து நம் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டபோது இது பேசி முடிந்ததாம். அண்ணன்கூட, "அது தங்கச்சி எடுத்ததுங்க" என்றுதான் சொன்னாராம். அடுப்படியிலிருந்துதான் குரல் வந்ததாம்.

"ஊட்டுப் பொம்பள பேரு ஊரூரா சினிமாத் தட்டியில தொங்கோணுமாக்கும்? உங்க பேரப் போடச் சொல்லுங்க."

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

வள்ளியாத்தாள்


மல்லசமுத்திரம்
20-2-1939

அம்மிணி வள்ளியாத்தாளுக்கு உன் நங்கையாள் பாப்பாயி எழுதிக்கொண்டது.

ஆமாம், நான்தான் சொன்னேன். முதலாளி ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொல்லியிருக்கிறார்.

ஏன் என்று கேட்கிறாய். இந்த வீட்டுக்கு நான் வாழவந்த நாளிலிருந்து உன் பெயரைத் தவிர வேறு பெயரைக் கேட்டதில்லை. வள்ளி மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், வள்ளி துரைசானியோடு இங்கிலீஷ் பேசினாள், வள்ளி காகிதம் போட்டிருக்கிறாள். சாற்றில் புளி ஏறிப்போனால்கூட உன் அண்ணனுக்கு வள்ளி வைத்த சாறு ஞாபகம் வந்துவிடும். உன் புருஷன் செத்து நீ இங்கே திரும்பி வந்தபோதாவது அந்தப் பேச்சு குறையும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன். குறையவில்லை. கூடியது. "பாவம் வள்ளி" என்று ஆனது.

எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் எனக்குப் பெயரும் இல்லை. பிள்ளை பெற்றவளை இன்னான் ஆத்தா என்பார்கள். என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்? மயில்சாமி பொண்டாட்டி. இப்போது சந்தைக்குப் போனால் வெற்றிலைக்காரி எழுந்து நிற்கிறாள். "டைரட்டரு ஊட்டம்மா வந்துட்டாங்க, நல்ல கவுளியா எடு" என்று மகளிடம் சொல்கிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது. பிடிக்கவில்லை என்று எழுத எனக்குக் கை வராது.

உனக்கு என்ன குறைந்துபோனது? வெள்ளைச்சேலை கட்டியவள் பெயரைத் தட்டியில் போட்டால் எவன் கொட்டகைக்கு வருவான்? சகுனம் பார்க்கிற ஊர் இது. உன் மேல் ஆசை வைத்துச் சொல்லவில்லை என்றாலும் அதுவும் நிஜம்தானே.

நீ சேலத்தில் தனியாக வீடு எடுத்து, மோட்டாரில் ஏறி, ஆம்பிளைகளோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டு திரிகிறாய். யாரும் உன்னைக் கேட்பதில்லை. நான் கோயிலுக்குப் போவதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அத்தனையும் உனக்கு இருக்கும்போது ஒரு பெயர் எங்களுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை.

பாப்பாயி


சேலம்
3-3-1939

நங்கையாளுக்கு,

பொறாமை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். அதற்கு இவ்வளவு காகிதம் வேண்டாம்.

டைரக்ஷன் என்றால் என்ன என்று தெரியாமல் அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். தெரிந்துகொள்ளுங்கள். பட்டேகர் இருந்த நாளிலேயே பாதி என்னுடையதுதான். அவர் நாற்காலியில் இருந்தபடி இங்கிலீஷில் சொல்வார். நான் கதாநாயகி கமலவேணியின் காதருகே போய்த் தமிழில் சொல்வேன். ஒருநாள், "விழுந்து புரண்டு மாரில் அடித்துக்கொண்டு அழச் சொல்" என்றார். அவருக்குத் தெரிந்த படங்களில் எல்லாம் பெண்கள் அப்படித்தான் அழுவார்கள். நான் கமலவேணியிடம், "அழுதுடாதே. அழுகை வந்தா நாக்கைக் கடிச்சுக்கோ. கையில இருக்கிற வேலையை மட்டும் பாரு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றீங்களா?" என்று கேட்டாள். "ஒண்ணுதான்" என்றேன். எடுத்து முடித்ததும் பட்டேகர் எழுந்து நின்று கைதட்டினார். தான் சொன்னபடிதான் நடித்தாள் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

படம் முழுக்க இப்படித்தான். அவர் ஊருக்குப் போன பிறகு, யார் சொன்னதாகச் சொல்வது என்றுதான் எனக்குச் சிக்கல் வந்தது. லைட் பிடிக்கிறவர்கள் பெண் பேச்சைக் கேட்கமாட்டார்கள். காலி நாற்காலியைக் காட்டி, "ஐயா போகும்போது இப்படித்தான் எடுக்கச் சொல்லிட்டுப் போனார்" என்றேன். கேட்டார்கள். காய்ச்சலில் பம்பாயில் கிடந்த மனிதர் பெயரால் சேலத்தில் படப்பிடிப்பு நடந்தது. இல்லாத ஆம்பிளைக்கு இருக்கிற மரியாதை இருக்கிற பொம்பளைக்கு இல்லை.

இரவல் பெயரில் வேலை செய்து எனக்குச் சலித்துவிட்டது. அண்ணனை முதலாளிக்கு ஒரு காகிதம் எழுதச் சொல்லுங்கள். 'படத்தை எடுத்தது என் தங்கை' என்று நாலு வார்த்தை. நீங்கள் சொன்னால் எழுதுவார். நீங்கள் சொல்லித்தானே கெட்டார்.

அதற்கு முன் படத்தைப் பாருங்கள். வைகாசித் தேருக்குத் திருச்செங்கோட்டில் கூடாரம் போட்டு ஓட்டப்போகிறார்கள்.

வள்ளியாத்தாள்


மல்லசமுத்திரம்
8-6-1939

வள்ளி,

பார்த்தேன்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் அவர் என்னை வண்டியில் கூட்டிப்போனார். கொட்டகைக்காரன் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தான். நான் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தேன்.

பாதிவரை எனக்குக் கதையே புரியவில்லை. வீடு ராஜா வீடு மாதிரி இருந்தது. பிறகு பொங்கல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் புருஷன்காரன் ஒருத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, பெண்டாட்டியிடம் இன்னொரு இலை போடச் சொன்னான்.

அதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டுப்பொங்கலன்று உன் அண்ணன், நம் தோட்டத்தில் நிலக்கடலை பறிக்கிற ராமாயியைக் கூட்டிவந்து என் நடுவீட்டில் உட்காரவைத்தார். நான் இலை போட்டேன். சோறு போட்டேன். அவள் நெய்யைப் பார்த்தாள், எழுந்துபோய் எடுத்துவந்து அதையும் விட்டேன். அதை ஒரு உயிருக்கும் நான் சொன்னதில்லை. ஓமலூரில் என் அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கமலவேணி எழுந்துபோய் நெய்யை எடுத்துவருகிறாள், வள்ளி. என் நடையில் நடக்கிறாள். என்னைப் போலவே உள்ளங்கையைச் சேலையில் துடைக்கிறாள்.

சுற்றிலும் பொம்பளைகள் அழுதார்கள். "கட்டுனவனே கொண்டாந்து உக்கார வெக்கறானே, அவன் மண்ணாப் போக" என்று ஒருத்தி மணலை வாரி வீசினாள். அது எனக்காக வீசிய மண். ஆனால் பக்கத்தில் இருந்த என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நிழலைப் பார்த்து அழுதார்கள். எனக்கு அவள் மேல் வயிறு எரிந்தது. நான் பட்டதற்கு அவளுக்குக் கண்ணீர் கிடைக்கிறது.

அதற்குப் பிறகு நீ ஒன்று செய்தாய். இலையைச் சோற்றோடு வாரிக் கொண்டுபோய் மாட்டுக்குப் போடுகிறாள். அவனைப் பார்த்து, "பசி இருக்கிறவங்களுக்குத்தான் இந்த வீட்டில் சோறு" என்கிறாள். கொட்டகையே கைதட்டியது. நான் அதைச் செய்யவில்லை. நான் மோர் ஊற்றினேன். என்னை எடுத்துக்கொண்டு, என்னைவிட நல்லவள் ஒருத்தியைச் செய்து, எனக்கே காட்டியிருக்கிறாய்.

வெளியே வந்தால் ராமாயி நிற்கிறாள். அவளும் வந்திருக்கிறாள். அவளே பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க, படத்துல வாரவ நானுங்களா?"

"அப்படித்தான் தெரியுது."

"நான் எங்கீங்க அத்தன நகை போட்டேன்? காதுல ஒரு குச்சிதானுங்க கெடக்குது. அவ என்னமோ பேயாட்டச் சிரிக்கறா. எனக்கு அன்னிக்குச் சோறே எறங்கலீங்க. கூப்புட்டா வரமாட்டேன்னு சொல்ல முடியுங்களா? அவிய தோட்டத்துலதான கல்லக்கா ஆயறேன்."

நான் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டத்தான் நினைத்திருந்தேன்.

நீ என்னைத் திருடி என்கிறாய். நான் எடுத்தது எழுத்து. நீ எடுத்தது என்னை. அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்? யார் உனக்குச் சொன்னது?

பாப்பாயி


சேலம்
19-6-1939

நங்கையாளுக்கு,

யாரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன்.

நல்ல நாளில் என் முகத்தில் யாரும் விழிக்கக் கூடாது என்று தானியக் குதிர் இருக்கிற அறையில் என்னை வைத்துக் கதவைச் சாத்தியது யார்? நீங்கள். "சாயங்காலம் வரைக்கும் உள்ளயே இரு சாமி" என்று அன்பாகத்தான் சொன்னீர்கள். கதவில் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு இருந்தது. அதற்குள் உங்கள் கையும் இலையும் ராமாயியின் தலையும் தெரிந்தன. அண்ணனின் முழங்கால் மட்டும் தெரிந்தது. பின்னால் காமிராவுக்குள் முதன்முதலாகக் கண்ணை வைத்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. படத்திலும் அந்தக் காட்சியில் அவன் முழங்கால் மட்டும்தான் தெரியும். அதை நீங்கள் கவனிக்கவில்லை.

இதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அன்று நடந்தது உங்கள் அடுப்படியிலேயே சாம்பலாகியிருக்கும். நான் எடுத்ததால் ஜில்லா முழுக்க அது நிற்கிறது. எத்தனை வீட்டில் அப்படி இலை போட்டிருப்பார்கள், எத்தனை பேர் அழுதார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ராமாயிக்கு நகை போடச் சொன்னது முதலாளி. அதை நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

நீங்கள் என்மேல் பொறாமைப்பட்டதாக எழுதினீர்கள். நானும் எழுதுகிறேன். அந்த இடுக்கில் நின்று உங்களைப் பார்த்து எனக்கு எரிந்தது. உங்களுக்கு ஒன்று நடக்கிறது. எனக்கு நடக்கவேண்டியது எல்லாம் இருபது வயதுக்குள் நடந்து முடிந்துவிட்டது. எனக்குத் துரோகம் செய்யக்கூட ஒருவன் இல்லை. சிரிக்காதீர்கள்.

இப்போது அவசரமான விஷயம். முதலாளி அடுத்த படத்தை அண்ணனுக்கே கொடுக்கிறார். ஆவணியில் நாமக்கல்லில் கூட்டம் போட்டு, மாலை போட்டு, அங்கேயே அதை அறிவிக்கப்போகிறார்கள். என்னைக் கூப்பிட்டு, "நீங்க பழையபடி மொழிபெயர்ப்புக்கு இருங்கம்மா" என்றார். போன முறை டைரக்டருக்குத் தமிழ் தெரியாது. இந்த முறை டைரக்டருக்கு டைரக்ஷன் தெரியாது. அதற்கும் நானே மொழிபெயர்க்க வேண்டுமாம்.

இந்தக் கூட்டம் நடந்துவிட்டால் என் கதை முடிந்தது. பிறகு எத்தனை படம் எடுத்தாலும் நான் அவர் நிழல். கூட்டத்துக்கு முன் அண்ணன் வாயால் நிஜம் வரவேண்டும். உங்களால் முடியும். செய்யுங்கள்.

வள்ளியாத்தாள்


மல்லசமுத்திரம்
5-8-1939

வள்ளி,

செய்யமாட்டேன்.

உன் அண்ணன் ஒரு கோட்டு தைத்திருக்கிறார். குல்லாவும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கியிருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நடந்து வாய்க்காலில் கால் வைத்துவிட்டார். இரண்டு கைவிரலையும் சதுரமாகப் பிடித்து அதன் வழியாக என்னைப் பார்க்கிறார். "அப்படியே நில்லு பாப்பாயி, அசையாத" என்கிறார். சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் என்னை நின்று பார்த்தது இப்போதுதான். அதைப் போய் நான் கெடுப்பேனா?

இளம்பிள்ளைத் தறியிலிருந்து பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நாமக்கல் கூட்டத்தில் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் எனக்கு இடமாம். நான் போய் உட்காருவேன். மேடையில் அவருக்கு மாலை விழும்போது ஜனங்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். திருச்செங்கோட்டில் பார்க்காதவர்கள் நாமக்கல்லிலாவது பார்க்கட்டும்.

உனக்கு நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நடந்ததை வேண்டுமானால் நீயே வைத்துக்கொள். நான் அதற்கு ஆசைப்படவில்லை.

நீ கூட்டத்துக்கு வராதே.

பாப்பாயி


சேலம்
2-10-1939

அன்புள்ள நங்கையாளுக்கு,

எல்லாம் கேள்விப்பட்டேன். உங்கள் சொல்படி நான் வரவில்லை. ஒலிப்பதிவுக்காரர் போயிருந்தார். அவர் சொல்லித்தான் தெரியும். அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போது பெண்கள் வரிசையிலிருந்து நீங்கள் எழுந்தீர்களாம். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டதாம்.

"அந்தச் சீன இவரு எடுக்கலீங்க. இவரு எனக்குப் பண்ணுனதுங்க அது. எடுத்தது இவரு தங்கச்சி."

முதலில் யாரோ சிரித்தார்களாம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டதாம். மாலையைக் கையில் வைத்திருந்தவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாராம்.

நான் கேட்டதைவிடப் பெரிதாகச் செய்துவிட்டீர்கள். நீங்கள் இப்போது ஓமலூரில் உங்கள் அண்ணன் வீட்டில் இருப்பதாகவும் சொன்னார்கள். நல்லதுதான். கொஞ்ச நாள் அங்கேயே இருங்கள்.

இங்கே நடந்ததைக் கேளுங்கள். முதலாளி கோபப்படுவார் என்று பயந்தேன். மறுநாளே காரில் வந்து இறங்கினார். "பொம்பள டைரக்டருன்னு போட்டா மெட்ராஸிலிருந்தே ஜனம் வருமேம்மா, இது எனக்கு முன்னாலேயே தோணலையே" என்றார். அடுத்த படம் எனக்கு. என் பெயரிலேயே! வள்ளியாத்தாள் என்றால் களை வெட்டுகிறவள் பெயர் மாதிரி இருக்கிறது, 'ஸ்ரீமதி வள்ளிதேவி' என்று போடுவோம் என்றார். சரி என்றேன். 'கனகாம்புஜம்' படத்தையும் புதுப் பெயரோடு திரும்ப ஓட்டுகிறார்கள். நோட்டீஸ் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். ஐப்பசியில் புதுப் படம் தொடங்குகிறது.

அதில் முக்கியமான காட்சி ஒன்று இருக்கிறது. சபை நடுவில் ஒரு பெண் எழுந்து நிஜத்தைச் சொல்கிறாள். நீங்கள்தான் எனக்கு உதவவேண்டும். எழுந்திருக்கும்போது எதைப் பிடித்து எழுந்தீர்கள்? முந்தானையைச் சரிசெய்தீர்களா, மறந்துவிட்டீர்களா? குரல் முதல் வார்த்தையிலேயே வந்துவிட்டதா? அண்ணன் உடனே என்ன சொன்னார்? திரும்பும் வழியில் வண்டியிலேயே அடித்தாரா, வீட்டுக்குப் போன பிறகா? ஞாபகம் மங்குவதற்குள் எழுதுங்கள். கமலவேணி கெட்டிக்காரி. சொன்னால் சொன்னபடி செய்வாள்.

என்றும் நன்றியுள்ள
வள்ளி


ஓமலூர்
11-10-1939

வள்ளிதேவிக்குப் பாப்பாயி எழுதிக்கொண்டது.

வள்ளியாத்தாள் என்ற பெயருக்காக என்னைத் திருடி என்று எழுதினாய். ஒரு மனிதன் காரில் வந்து இறங்கியதும் அதை அவனிடமே கொடுத்துவிட்டாய்.

நான் உனக்காக எழுந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. உன் அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு மேடையில் நின்று, "அந்த இலை போடுகிற காட்சி எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒருநாள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், என் மனதில் தானாக உதித்தது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டுவதற்குக் கையை எடுத்தேன், வள்ளி. அப்போதுதான் அவர் சொன்னது என் காதில் ஏறியது. அவர் மனதில் உதித்ததாம். நான் அங்கே இல்லவே இல்லை. அதற்குமேல் உட்கார முடியவில்லை.

பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தோளை ஊன்றினேன். யாரென்று தெரியாது. வேலைக்காரி போலக் கை காய்ப்புக் காய்த்திருந்தது. அவள் என் கையைத் தட்டிவிடவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்ததால் இதை ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். மற்றதைச் சொல்லமாட்டேன். எங்கே அடித்தார் என்று நீ கேட்டாய். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

இங்கே நான் வந்து நின்றபோது என் அண்ணன் பெண்டாட்டி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நீ வெள்ளைச்சேலையோடு வந்து நின்றபோது நான் எப்படிப் பார்த்தேனோ அதே பார்வை. "எத்தனை நாளைக்குங்க நங்கையா?" என்று கேட்டாள். நாத்தனாரான நானும் அவளுக்கு நங்கையாள்தான். வாயில் சிரிப்பு இருந்தது. விருந்தாளி வந்தால் நான் உள்ளே போய்விட வேண்டும். இப்போது நான் நீயாக இருக்கிறேன். நீ யாராக இருக்கிறாய் என்று நீயே பார்த்துக்கொள்.

நோட்டீஸைப் படித்தேன். 'ஸ்ரீமதி வள்ளிதேவியின் கற்பனையில் உதித்த கதை' என்று போட்டிருக்கிறது. உன் அண்ணன் சொன்ன அதே வார்த்தை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

நீ அந்தப் படத்தை எடுத்தாய். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. நாமக்கல்லில் சபை நடுவில் சொன்னேன், அதற்கான விலையையும் கொடுத்தேன். நீ எனக்குக் கொடுக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. பழைய படத்திலும் புதுப் படத்திலும் 'கதை: பாப்பாயி' என்று போடு. தேவி வேண்டாம். ராமாயிக்கு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவள், யோசி. குறைந்தபட்சம் அவள் காதிலிருந்து அந்த நகையைக் கழற்று.

முடியாதென்றால் நான் சபையில் எழுந்து நின்ற அந்தக் காட்சியை எடுக்காதே. பதில் எழுது.

பாப்பாயி


ஓமலூர்
28-1-1940

வள்ளி,

மூன்று மாதமாகத் தபால்காரர் இந்த வாசலில் நிற்கவில்லை. என் காகிதம் உனக்கு வரவில்லையோ என்று நினைத்திருந்தேன்.

நேற்றுச் சந்தையில் உன் புதுப் படத்துக்குத் தட்டி வைத்திருந்தார்கள். பட்டுச்சேலை கட்டிய பெண் கூட்டத்தின் நடுவில் எழுந்து நிற்கிறாள். அவள் கை பக்கத்தில் இருக்கிற பெண்ணின் தோளில் இருக்கிறது. அப்படியானால் காகிதம் வந்துவிட்டது.

தட்டியில் இருந்த எழுத்து அத்தனையும் படித்தேன். வெயிலில் நின்று, அச்சாபீஸ் பெயர்வரைக்கும் படித்தேன். மல்லிகை விற்கிறவள், "ஏனுங்க, அதுல என்னத்தத் தேடறீங்க?" என்று கேட்டாள். மறுபடியும் மேலிருந்து படித்தேன்.

படம் மாசியில் வருகிறது என்று போட்டிருக்கிறது. இன்னும் நாள் இருக்கிறது. என் பெயரைப் போடு. போடுகிறாயா இல்லையா, ஒரு வரி எழுது.

பாப்பாயி